ஸ்டட் ஓவலில் ஜெயிக்கவில்லை

அண்ணே, கிரிக்கெட் வீரராக இருந்து மிஷனரியான இங்கிலாந்துக்காரர் சி.டி. ஸ்டட் பற்றி, "ஓவலில் ஆஷஸ் வென்று கொடுத்தவர், அந்தப் புகழ் கசந்த பிறகுதான் முதன்முதலாக ஆண்டவரை அறிந்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் சாட்சி சொல்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். ரெண்டுமே தப்பு.

1882-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. வேண்டியது 85, எடுத்தது 77. ஸ்டட் பத்தாவதாக இறங்கி ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. எதிர்முனையில் பீட் என்பவர் போல்டாக, இவர் 0 நாட் அவுட்டாக மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இந்த ரெண்டு நாட்டு டெஸ்ட் போட்டிக்கான ஆஷஸ் பட்டம் என்ற பேச்சே அந்தத் தோல்வியில் பிறந்ததுதான். (அடுத்து ஆஸ்திரேலியா போய் அதை மீட்டு வந்த அணியில் இருந்தார், அது வேறு கணக்கு.)

விசுவாசம்? அது கிரிக்கெட் புகழுக்கு முன்னாலேயே வந்தது. அப்பா, அமெரிக்கச் சுவிசேஷகர் டி.எல். மூடியின் கூட்டத்தில் மனந்திரும்பியவர். மகன் 1878-ல், ஈட்டன் பள்ளியில் படிக்கும்போதே. அப்புறம் சில வருஷம் அனல் ஆறிப்போனது. அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்தபோதுதான், இந்தப் பெயரும் கைதட்டலும் எதற்கு உதவும் என்ற கேள்வி அவரைப் பிடித்து உலுக்கியது. ஆக, அது புது விசுவாசம் இல்லை, திரும்பி வந்தது. எனக்கு இதுதான் இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

1885-ல் சீனா போனார். இன்னொன்று: நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1900 முதல் 1906 வரை, இவர் ஊட்டியில் போதகராக இருந்தார்.