"எலிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

மூண்டு நாளா ஒரு ஐயாவின்ர குரல் பதிவு நிலாவெளியில இருந்து மூதூர் வரைக்கும் வட்ஸ்அப்பில ஓடித் திரியுது. "கண் அமுக்கத்தால (குளுக்கோமா) பார்வை போகும் எண்டதெல்லாம் எலியில செய்த ஆராய்ச்சி. வடிவாத் தெரிஞ்சா சொட்டு மருந்தை நிப்பாட்டுங்கோ." கீழ வரிசையாக் கும்பிடு.

எலியில என்ன செய்தவை எண்டு ஐயாவுக்குத் தெரியுமோ? வெள்ளைவிழிக்கு மேல ஓடுற நாளத்துக்குள்ள அடர்ந்த உப்புக் கரைசலை ஏத்துவினம். அது பின்பக்கமாப் போய், கண்ணுக்குள்ள ஊறுற நீர் வடியிற சல்லடையைத் தழும்பாக்கும். ஊற்று நிக்காது, வாய்க்கால் அடைபட்டுப் போகும். அமுக்கம் கிழமைக் கணக்கா ஏறி நிக்கும். பிறகு வெட்டிப் பார்த்தா, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறுற இடத்தில இழைகள் வீங்கிக் கிடக்கும். மூளைப்பக்கத்தில இருந்து வரவேண்டிய ஊட்டப் புரதம் அங்கேயே தேங்கிப்போகும். அது கிடைக்காத விழித்திரைக் கலம் தன்னைத்தானே அழிச்சுக்கொள்ளும். எலியோ அதுவரைக்கும் வழமைபோலத் திண்டு, ஓடித் திரிஞ்சிருக்கும். செத்த கலம் திரும்பாது.

எலிக்கு மனிசக் கண் இல்லையாம். சரி. சுண்டெலிக்கு நரம்பைத் தாங்குற இழைத்தட்டு எங்களைப்போல இல்லைத்தான். ஆனா 1974இலயே காஸ்டர்லாண்ட், குப்ஃபர் எண்ட ஆராய்ச்சியாளர் குரங்குகளின்ர சல்லடையை லேசரால சுட்டு அமுக்கத்தை ஏத்தினவை. குரங்கிலயும் நரம்புதான் போனது. மிருகவதை எண்டு ஒருத்தர் கேட்டார். பாவம்தான், ஆனா அது வேற கதை.

"எனக்குக் கண் அமுக்கம் 18தானே" எண்டு ஒரு தம்பி. தம்பி, 18இல நிக்கிறதே சொட்டு விடுறதாலதான்! மனிசரில, பார்வைப்புலச் சோதனையில குறை பிடிபட முதலே கலங்களில கால்வாசிக்கு மேல போயிருக்கலாம். தெளிவாத் தெரியுது எண்டது ஒரு சாட்சியே இல்லை. செத்தது திரும்பாது.

இதைச் சொன்னதுக்கு நான் மருந்துக் கம்பனி ஆளாம். கமிஷன் எங்க எண்டுதான் நானும் தேடுறன்.

மருந்து வேலை செய்யேல்லையாம். அமுக்கத்தைக் குறைக்கிற லட்டனோப்ரோஸ்ட் சொட்டுப் போத்தலைத் திருகோணமலை வெயிலில மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழ வைச்சா எப்பிடிச் செய்யும்? திறக்காதது குளிர்சாதனப் பெட்டியில, 2 முதல் 8 பாகை. திறந்தா 25 பாகைக்குள்ள, ஆறு கிழமை மட்டும். இரவில ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அமத்துங்கோ. வேற சொட்டும் இருந்தா ஐந்து நிமிஷம் விட்டு. முட்டு வருத்தக்காரர் டிமோலோல் எண்ட சொட்டு விட முதல் டொக்டரிட்ட கட்டாயம் சொல்லுங்கோ.

போத்தலைக் குப்பையில போட்டவை நாளைக்கே கிளினிக் கொப்பியோட போய் அமுக்கத்தை அளவுங்கோ. ஐயா, நீங்களும் வாங்கோ. உங்கட கண்ணைக் கடைசியா எப்ப அளந்தனீங்கள்?