திரை மங்கினால் மீட்டரையே மாற்ற வேண்டுமா?

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த என் காரின் மீட்டரில் உள்ள சிறு திரை, காலையில் எண்களைத் தெளிவாகக் காட்டிவிட்டு, வண்டி வெயிலில் நின்ற பிறகு கோடு கோடாக அழிந்துபோகிறது என்று சொன்னால், எந்தப் பணிமனையிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "முழு மீட்டரையும் மாற்றிவிடுங்கள், சார்." மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை ஒருவரும் கையில் எடுப்பதில்லை என்பதே என் ஆற்றாமை.

திரை முழுவதும் விட்டுவிட்டு எரிந்தால் ஃபியூஸ், எர்த் இணைப்பு, பேட்டரியின் மின்னழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று அளக்கச் சில நிமிடங்கள் போதும். முள்கள் யாவும் ஒழுங்காக நகர, திரையில் மட்டும் சில வரிகள் மறைந்து, அந்த மறைவு வெப்பத்துக்கேற்பக் கூடிக் குறைந்தால், பெரும்பாலும் திரையையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கும் மெல்லிய ரிப்பன் கேபிளின் ஒட்டு விட்டிருக்கும். எண்கள் இருந்தும் வெளிச்சம் இல்லையென்றால், பின்னொளி பல்பையோ அதைப் போர்டில் பற்றவைத்திருக்கும் சால்டரையோ சோதிக்க வேண்டும். இவை வெவ்வேறு கோளாறுகள். அனைத்துக்கும் ஒரே மருந்தா?

பழைய உதிரி மீட்டரைப் பொருத்தினாலோ, பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டரின் நினைவகச் சிப்பிலேயே பதிந்திருப்பதால், வேறொரு வண்டியின் கணக்கு என் வண்டியில் ஏறிவிடும். விற்கும்போது அதை யாரிடம் விளக்குவது? எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று சொல்லக்கூட மனமில்லாமல், புதிய மீட்டரின் விலையை மட்டும் எழுதி நீட்டுவது எனக்குக் கடுங்கோபத்தைத் தருகிறது.