இரண்டு கிலோ கழிவு

நேற்று ஆராதனையில் பிரசங்கம் மனச்சாட்சியைப் பற்றி. "பாவத்தை ஆண்டவரிடத்தில் அறிக்கையிட்டாச்சா? அதுக்கப்புறம் வருகிற குற்ற உணர்வு பிசாசுக்குள்ளது, விரட்டுங்க" என்றார் வெளியூரிலிருந்து வந்த போதகர். பின்வரிசையிலிருந்து பலத்த ஆமென். எனக்கு ஆமென் வரவில்லை, ஒட்டுப்பால் ஞாபகம்தான் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் பால் எடுத்த பிறகு வெட்டுப் பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் மிச்சம்தான் ஒட்டுப்பால். உரித்துச் சாக்கில் சேர்த்து வைத்து விற்பார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் பாலை உறையவைத்து எடுக்கும் ரப்பர் ஷீட்டு விற்ற காசு ஆண்களின் கைக்குப் போகும், ஒட்டுப்பால் காசு பெண்களுக்கு. சீட்டுப் பணம், பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம், ஞாயிறு காணிக்கை எல்லாம் அதிலிருந்துதான்.

1994-ல் எனக்குப் பத்தொன்பது வயது. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் மாமாவின் ரப்பர் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். 1956-ல் எல்லைக்கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள், சந்தை அதைக் கண்டுகொண்டதே இல்லை. கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர்கள் சாக்கைச் சுமந்துகொண்டு எங்களிடம் வருவார்கள். ஈரம், மண், பட்டை என்று எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். ஈரம் இருந்தால் எடை கூடும், கழிப்பதில் தப்பில்லை. ஆனால் மாமாவின் சட்டமே வேறு. எப்படிப்பட்ட சரக்கு வந்தாலும் சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு. மாமா சபைக் கமிட்டியில் இருந்தவர், ஜெபிக்காமல் கடையைத் திறக்க மாட்டார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு பாட்டி வருவார். சாக்கை இறக்கியதுமே, "எனக்கது நல்லா ஒணங்கினதாக்கும் மக்களே, கழிக்காத" என்பார். நான் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். துண்டுச் சீட்டில் "கழிவு 2" என்று எழுதிக் கொடுப்பேன். அவர் காசை எண்ணாமல் மடியில் முடிந்துகொண்டு போவார். இரண்டு வருஷம் இப்படியே போனது. அந்த இரண்டு வருஷமும் நான் வாலிபர் சங்கத்தில் பாடினேன், திருவிருந்து எடுத்தேன். ஒருநாள் திருட்டுத்தனமாக மார்த்தாண்டத்தில் சினிமா பார்த்ததற்கு மட்டும் முழங்காலில் நின்று அழுதேன். கழிவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

என் ஆதங்கமே இதுதான். எதற்கு வலிக்க வேண்டும் என்று மனச்சாட்சிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கம்மல், சினிமா, ஓய்வுநாள் என்று சொல்லித்தந்தார்கள், தராசைப் பற்றிச் சொல்லித்தரவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனது அடித்துக்கொண்டது என்று சாமுவேல் புத்தகத்தில் படிக்கிறோம். அத்தனை பெரிய விரோதி, வெட்டியது ஒரு முழத் துணிகூட இருக்காது.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. லூத்தர் மடத்தில் இருந்த காலத்தில் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார், கேட்டுக் கேட்டு அவருடைய ஆன்மிக வழிகாட்டி ஸ்டௌபிட்ஸ் சலித்துப்போனார். பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லியும் மனம் ஆறாமல் தற்கொலை எண்ணம் வரைக்கும் போனார். இவர்களிடம் போய் "இன்னும் தோண்டிப் பார்" என்று சொன்னால் அது கொலைக்குச் சமம். அதைத்தான் எங்கள் தெருவில் செய்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு அக்காவிடம், துக்கம் விசாரிக்க வந்தவரே, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடன் ஒருவனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த அக்கா இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடமிருந்து விரட்ட வேண்டிய குற்ற உணர்வைத்தான் போதகர் என்னிடமிருந்து விரட்டப் பார்க்கிறார்.

என் மனைவி பாறசாலைக்காரி. வீட்டில் அவள் மலையாளத்தில் ஜெபிப்பாள், நான் தமிழில். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஒரு இடத்தில் இருவரும் பிரிவோம். சபையில் பழகிய வழக்கத்தில் நான் "எங்கள் குற்றங்களை" என்பேன், அவள் "கடங்ஙளெ" என்பாள். மலையாளத்தில் கடம் என்றால் கடன். தமிழ் வேதத்தைத் திறந்து பார்த்தேன், மத்தேயு 6:12-லும் 'கடன்களை' என்றுதான் இருக்கிறது. குற்றம் என்று சொன்னால் எனக்கும் கடவுளுக்கும் இடையில் முடிந்துவிடுகிற விஷயமாகத் தெரிகிறது. கடன் என்றால் வாங்கினவன், கொடுத்தவன், தொகை எல்லாம் கூடவே வந்து நிற்கிறது.

லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, குற்றநிவாரணபலி இடுகிற அன்றே உரியவனிடம் கொடுக்க வேண்டும். பலிக்கான ஆட்டுக்கடா ஆசாரியனிடம் போவது அதற்குப் பிறகுதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இயேசு சொன்னதும் இதே வரிசையில்தான். நாம் கடாவோடு நிறுத்திக்கொள்கிறோம், இப்போது கடாவும் கிடையாது, கண்ணீர் மட்டும்தான்.

சரி, நான் மட்டும் என்ன யோக்கியன். முப்பது வருஷம் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். இரண்டு வருஷத்துக்குச் சுமார் நூறு கிலோ. அன்றைய விலையா, இன்றைய விலையா? அன்றைய விலை என்று என்னுள் ஒரு குரல் சொன்னது, அது மாமாவின் குரல். இன்றைய விலையே போட்டேன், கிலோவுக்கு நூறு, ஐந்தில் ஒரு பங்கு கூட, மொத்தம் 12,000 ரூபாய். மனைவி தன் ஊரில் விசாரித்தாள். பாட்டி இறந்து பல வருஷமாகிவிட்டது, மகள் இருக்கிறார். வாங்க ஆள் இல்லையென்றால் ஆசாரியனுக்குக் கொடு என்கிறது எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம். ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும், வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. காணிக்கைப் பெட்டி எவ்வளவு சௌகரியம், அது முகத்தைப் பார்க்காது.

போனோம். மகள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திண்ணையில் உட்காரவைத்து கட்டன்சாயா கொடுத்தார். எழுதி மனப்பாடம் செய்ததுபோல எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கவரை நீட்டினேன். யூதாஸ் வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆசாரியர்கள் சொன்ன "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்ற வார்த்தை வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"அம்மைக்கு அதெல்லாம் தெரியும் தம்பி. நீங்க ரெண்டு கிலோ கழிப்பியன்னு தெரிஞ்சுதான், தலைநாளு ராத்திரி சாக்குக்குள்ள ஒரு செம்பு தண்ணி தெளிச்சு வைக்கும். நானாக்கும் கோரிக் கொடுப்பேன்."

அப்புறம் கவரைப் பிரித்து, இரண்டு முறை எண்ணி, மடியில் முடிந்துகொண்டார். அம்மையைப் போலவே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். களியக்காவிளை நெருங்கும்போது, "ஒரு செம்பு தண்ணி எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டாள்.