விளக்கு எரியுது, சத்தம் மாறலையே!

ஹெச்டிசிடி (சாதாரண சிடிக்குள்ளயே கூடுதல் நுணுக்கத்தை ஒளிச்சு வைக்கிற முறை) லோகோ போட்ட சிடியைத் தேடிப்பிடிச்சு வாங்கி, சாதாரண ப்ளேயர்ல போட்டுக் கேட்டு, "அடேங்கப்பா, என்னா டெப்த்து!"ன்னு உருகுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் அவங்க மேல வரலை. வித்தவன் மேலதான் வருது. ஒளிச்சு வச்சதை வெளியே எடுக்கிற டிகோடர் இல்லாம பல ஹெச்டிசிடிகளைக் கேட்டா கிடைக்கிறது மேம்பட்ட ஒலி இல்லை சாமி, அமுக்கின ஒலி. சாதாரண சிடியே தேவலைங்கிற நிலைமை.

1995-ல பசிபிக் மைக்ரோசானிக்ஸ்ங்கிற கம்பெனி கொண்டுவந்த வித்தை இது. கீத் ஜான்சன், மைக்கேல் ஃப்ளௌமர்னு ரெண்டு பேர் மூளை. சிடியோட 16 பிட்டுக்குள்ள 20 பிட் அளவு நுணுக்கத்தை ஒளிச்சு வைக்கிறதுதான் நோக்கம். வழி ரெண்டு. ஒண்ணு, பீக் எக்ஸ்டெண்ட்: உச்சத்துக்குப் போற சத்தத்தைப் பதிவுலயே மென்மையா அமுக்கிடுவாங்க, டிகோடர் அதைத் திரும்ப விரிக்கணும், 6 டெசிபல் வரைக்கும். இன்னொண்ணு, மெல்லிசான பகுதிகளைத் தூக்கிப் பதிஞ்சு, கேக்கும்போது அரை அரை டெசிபல் படியா இறக்குறது. எப்போ விரிக்கணும், எப்போ இறக்கணும்ங்கிற உத்தரவு முழுக்க கடைசி பிட்டுல ரகசியக் குறியா ஓடும்.

டிகோடர் இல்லையா? மிருதங்கமோ ட்ரம்ஸோ, அடி விழுற இடமெல்லாம் மழுங்கித்தான் கேக்கும். மெல்லிய இடங்கள் தேவைக்கு மேல உரக்கக் கேக்கும். இதை அட்டையில ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சிடும்? அதுலயும் நிறைய டிஸ்க்ல லோகோவே இருக்காது, உள்ளே குறி மட்டும் இருக்கும். நேர்மாறான கூத்தும் உண்டு. அந்தக் கம்பெனியோட கன்வெர்ட்டர்ல (ஒலியை டிஜிட்டலாக்குற கருவி) பதிஞ்சாங்கங்கிற ஒரே காரணத்துக்காகக் குறி ஓடும், ஆனா பீக் எக்ஸ்டெண்டும் இல்லை, இறக்குற வேலையும் இல்லை. ப்ளேயர்ல விளக்கு மட்டும் ஜம்முனு எரியும். அதைப் பார்த்துப் பரவசப்பட வேண்டியதுதான்.

2000-ல மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்குச்சு. விண்டோஸ் மீடியா ப்ளேயர்ல கொஞ்ச காலம் டிகோட் பண்ணினாங்க. டிகோட் பண்ற பிஎம்டி-100 சிப்பு, பர்-பிரவுன் கம்பெனியோட பிசிஎம்1732 சிப்பு எல்லாம் பழைய ப்ளேயர்கள்லதான் கிடைக்கும். இப்போ கடையில புதுசா விக்கிற டாக் (டிஜிட்டலைத் திரும்ப ஒலி சிக்னலா மாத்துற கருவி) பெட்டியில ஹெச்டிசிடி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

சரி, கையில டிஸ்க் இருக்கு, என்ன பண்றது? எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற மென்பொருள்ல செக்யூர் மோடு வச்சு ரிப் பண்ணுங்க, அதாவது கம்ப்யூட்டருக்கு நகலெடுங்க. மத்தவங்க எடுத்த நகலோட ஒப்பிடுற அக்யூரேட்ரிப்போட ஒத்துப் பாருங்க. சத்தத்தைத் தானா கூட்டிக் குறைக்கிற நார்மலைஸ் டிக்கை எடுத்துடுங்க. ஒரே ஒரு டெசிபல் வால்யூம் மாத்தினாலும் கடைசி பிட்டுல இருக்கிற குறி செத்துச்சு. எம்பி3 ஆக்கினா கேக்கவே வேண்டாம். 16 பிட் ஃப்ளாக்கா (எதையும் இழக்காம சுருக்குற ஃபைல்) சேமிச்சு, எஃப்எஃப்எம்பெக்ங்கிற மென்பொருள்ல இருக்கிற ஹெச்டிசிடி ஃபில்டர்ல ஓட்டுங்க. கடைசியில அது ஒரு வரி அறிக்கை தரும். அதுல பீக் எக்ஸ்டெண்ட் ஒரு தடவைகூட ஆன் ஆகலை, கெயின் மாற்றமும் (மெல்லிய இடத்தை இறக்குற அளவு) 0.0 டெசிபல்னு வந்தா மூடி வச்சுட்டு 16 பிட் ஃபைலையே கேளுங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தா 24 பிட் ஃப்ளாக்கா வெளியே எடுங்க. வேவ் ஃபைலா எடுக்கிறவங்க கவனம்: 24 பிட்டுன்னு சொல்லாம விட்டா எஃப்எஃப்எம்பெக் 16 பிட்டுலதான் எழுதும், விரிச்சதை மறுபடி வெட்டிப் போட்டுடும். டிகோட் ஆனது 6 டெசிபல் கம்மியா கேக்கும். "சத்தமே இல்லையே, மட்டம்"னு தூக்கிப் போடாதீங்க, வால்யூமை ஏத்திச் சமப்படுத்தி ஒப்பிடுங்க. அரை டெசிபல் உரக்க இருந்தாலே காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லும்.

இதே மாதிரி சொல்லாம கொள்ளாம படுத்துற இன்னொரு பூதம் ப்ரீ-எம்ஃபசிஸ். 80-களோட தொடக்கத்துல வந்த ஜப்பான் டிஸ்க்குகள்ல அதிகம். மேல்சுரங்களை 20 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 10 டெசிபல் வரைக்கும் தூக்கிப் பதிஞ்சு, "இதை இறக்கிக் கேக்கணும்"னு டிஸ்க்ல ஒரு அடையாளக் கொடியும் நட்டிருப்பாங்க. ப்ளேயர் கொடியைப் பார்த்து இறக்கிக்கும். ரிப் பண்ணின ஃபைல்ல கொடி ஏது? "பழைய பிரஸ்ஸிங் காதைக் கிழிக்குது"ன்னு புலம்புற பாதிப் பேருக்குக் காரணம் இதுவா இருக்கலாம். சில டிஸ்க்ல கொடி சப்கோடுல (பாட்டோட கூடவே ஓடுற துணைத் தகவல்) மட்டும்தான் இருக்கும், டிஸ்க்கோட பொருளடக்கப் பட்டியலை மட்டும் படிக்கிற மென்பொருள் கோட்டை விட்டுடும். சாக்ஸ் மென்பொருள்ல டீ-எம்ஃபசிஸ் (தூக்கினதை இறக்குற ஃபில்டர்) ஒரு தடவை ஓட்டினா சரியாயிடும்.

எஸ்ஹெச்எம்-சிடி, ப்ளூ-ஸ்பெக் சிடின்னு விசேஷமா விக்கிற சிடிகளைப் பத்தி என்ன சொல்ல? ஒண்ணு எல்சிடி திரைக்காக உருவாக்கின பாலிகார்பனேட், இன்னொண்ணு டிஸ்க் அச்சடிக்கிற மூல அச்சை நீல லேசர்ல வெட்டினது. உள்ளே அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். சாதாரண டிஸ்க்கை ரிப் பண்ணினாலும் இதை ரிப் பண்ணினாலும், மாஸ்டர் (பாட்டோட இறுதிப் பதிவு) ஒண்ணா இருந்தா பிட்டுக்குப் பிட் ஒண்ணுதான். விலைதான் வேற.

சூப்பர் ஆடியோ சிடிங்கிற எஸ்ஏசிடியாவது நிஜமாவே வேற சரக்கு: 1 பிட், 2.8224 மெகாஹெர்ட்ஸ். ஆனா கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டா ஹைப்ரிட் டிஸ்க்கோட (எஸ்ஏசிடி, சிடி ரெண்டு அடுக்கும் இருக்கிறது) சிடி அடுக்கு மட்டும்தான் தெரியும். 2007-ல மேயர், மோரன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அந்த உயர்தர ஒலிக்கு நடுவுல 16 பிட் கன்வெர்ஷனைச் செருகிக் கேக்க வச்சாங்க. வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. அதே சமயம் அந்த டிஸ்க்குகள் பலதும் சாதாரண சிடியைவிட நல்லா இருந்துச்சுன்னும் எழுதினாங்க. காரணம் ஃபார்மேட் இல்லை, மாஸ்டரிங் பண்ணினவரோட அக்கறை. நம்மகிட்ட காசு கேக்குறது எதுக்குன்னு பாத்துக்குங்க.

அடுத்து டாக் விக்கிறவங்க. "32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்!" 24 பிட்டுக்கே கணக்குப்படி இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவுல 144 டெசிபல் இடைவெளி வேணும். மிக நல்ல பெட்டிகளே 120 சொச்சத்துல நிக்குது, அதாவது 20, 21 பிட். மீதி பிட்டெல்லாம் வெறும் இரைச்சல். பெட்டியில அச்சடிக்க வேண்டியது வேற: ஹெட்போன் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) எவ்வளவு? 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள்ள இருக்கணும். 10 ஓம் இருந்தா பல டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) வச்ச இயர்போனோட ஒலிச் சமநிலையே சாய்ஞ்சிடும். அந்த எண்ணை எத்தனை பேர் போடுறாங்க?

விண்டோஸ்லயும் கொஞ்சம் பாருங்க. அது தன் பாட்டுக்கு 48 கிலோஹெர்ட்ஸ்ல உக்காந்திருந்தா உங்க 44.1-ஐ மாத்தித்தான் அனுப்பும். ப்ளேயர் மென்பொருள்ல வாசாபி எக்ஸ்க்ளூசிவ் மோடு வைங்க, ஒலி மாறாம நேரா டாக்குக்குப் போகும்.

கடைசியா, புதுசா ரீமாஸ்டர் பண்ணினேன்னு எல்லா சாம்பிளையும் (ஒலி அலையை அளந்த புள்ளி) உச்சத்துல ஒட்டி வச்சு விக்கிறாங்களே, அந்தக் கொடுமை. சாம்பிள் டிஜிட்டலோட உச்ச எல்லையான பூஜ்ய டெசிபலைத் தாண்டலைனாலும் ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல அலை அதைத் தாண்டிப் போகும், சில நேரம் 3 டெசிபல்கூட. டாக்குக்குள்ள அந்த நடுப் புள்ளிகளைக் கணக்குப் போடுற ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டர்ல அதுக்கு இடம் இல்லைனா தலை வெட்டுப்படும், கரகரப்பு வரும். பெஞ்ச்மார்க் மாதிரி சில டாக் கம்பெனிகள் 3.5 டெசிபல் இடம் விட்டுச் செய்றாங்க. மத்தவங்க பெட்டி வச்சிருக்கிறவங்க மென்பொருள்ல வால்யூமை 4 டெசிபல் இறக்கி, வெளியீட்டை 24 பிட்டா வச்சு அனுப்புங்க. ஹெச்டிசிடியா இருந்தா டிகோட் முடிஞ்ச பிறகுதான் இறக்கணும், முன்னாடி கை வச்சீங்கன்னா குறி போச்சு.