கோப்பு அவர்கள் மேசையில், வாடகை என் கணக்கில்

அம்மாவின் குத்துவிளக்கு நேற்று, 2024 ஜூலை 11 மாலை, டொரோன்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மதுரையில் பெட்டி கட்டி அனுப்பி நான்கு மாதம் ஆகிவிட்டது. விளக்கோடு சேர்த்து 22 பெட்டிகள். புத்தகங்கள், எவர்சில்வர் பாத்திரங்கள், கொலு பொம்மைகள், கிரைண்டர், மகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகள். கடலில் போன நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்னையில் ஏற்றிய சரக்கு வழியில் கப்பல் மாறி, வான்கூவரில் இறங்கி, ரயிலில் கண்டத்தையே கடந்து இங்கே வர வேண்டும். ஆகும் காலம் ஆகட்டும். ஆனால் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு கிடங்கில் அவை சுங்க அனுமதிக்காக 22 நாள் கிடந்தன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் சட்டத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குடியேற வருகிறவர், வருவதற்கு முன்பே தமக்குச் சொந்தமாகி, தம் வசம் இருந்து, தாம் பயன்படுத்திய பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒரு பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி. ஓராண்டுக்குள் அதை விற்றாலும் யாருக்காவது கொடுத்தாலும் வரி. புதுமணத் தம்பதியருக்கு வந்த கல்யாணப் பரிசுகளுக்குப் ‘பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனைகூட இல்லை. புதிதாக வருகிறவர்களின் நிலையை அறிந்தவர்கள் யோசித்து எழுதிய சட்டம் இது. நம் ஊரில் முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று கொண்டாடினார்கள். எனக்கும் சுங்கம் தவிர்ந்தது. வரியாக ஒரு காசு வாங்கவில்லை. அலைச்சல்தான் தவிரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு பட்டியல். விமான நிலையத்தில் இறங்கும் அன்றே பிஎஸ்எஃப் 186 என்ற படிவத்தில் அதைக் காட்ட வேண்டும். கையோடு கொண்டுவந்தவை ஒரு பக்கம், பின்னால் வரப்போகிறவை இன்னொரு பக்கம். பின்னால் வருபவற்றில் எழுத விட்டுப்போன பொருளுக்கு வரி கேட்கச் சுங்கத்துறைக்கு உரிமை உண்டு. இதை நான் முன்பே அறிந்திருந்தேன், பட்டியலும் போட்டிருந்தேன். ஆனால் ‘சமையலறைப் பொருட்கள், 6 பெட்டி’ என்று மொத்தமாக எழுதியிருந்தேன். இருபது மணி நேரப் பயணம், தோளில் தூங்கும் குழந்தை. முத்திரை குத்தித் தந்தார்கள், வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் மதுரை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை நிரப்பியபோது என் கை பல முறை நின்றது. அம்மா 1978இல் கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவைக்கு என்ன விலை போடுவது? சரிகை மங்கி, மடிப்பில் இற்றுப்போன புடவை அது. கடையில் கொடுத்தால் பத்து டாலருக்குக்கூட எடுக்கமாட்டார்கள். பத்து என்று எழுதினேன். குத்துவிளக்குக்கு ஐம்பது. அப்பா அடிக்கோடு போட்டுப் படித்த புத்தகங்கள் அத்தனைக்கும் சேர்த்து நூறு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுங்கத்துறைக்கு அந்தக் கட்டம் தேவை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட பொருட்கள்தான் தங்கள் கிடங்குகளில் கிடக்கின்றன என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரக்கு ஜூன் 19 அன்று கிடங்குக்கு வந்தது. சுங்கக் கட்டுப்பாட்டில் இருந்தாலும் கிடங்கு தனியாருடையது. ஐந்து நாள் இலவசம், அதற்கு மேல் நாளொன்றுக்கு 35 டாலர் வாடகை. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பாஸ்போர்ட், குடியேற்ற ஆவணம், முத்திரை குத்திய பட்டியல், கிடங்கு தந்த சரக்குத் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போனேன். பெயர் பொருந்தவில்லை என்றார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடம் விளக்காமலே புரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என் கடைசிப் பெயராக இருக்கிறது. பெட்டிகளைக் கப்பலில் அனுப்பிய சென்னை ஏஜென்ட்டோ பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, என் பெயரை எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அந்த அலுவலருக்கு என்ன சான்று? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திருத்திய பில் வர 27ஆம் தேதி ஆனது. இங்கே பகல் என்றால் அங்கே இரவு, அதற்கு மேல் திருத்தக் கட்டணம் வேறு. அனுப்பப்போகிறவர்கள் தயவுசெய்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர் போடச் சொல்லுங்கள். பில்லின் நகலை வாங்கிச் சரிபார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

28ஆம் தேதி மறுபடி போனேன். இம்முறை பட்டியல். சமையலறைப் பொருட்கள் என்றால் என்னென்ன, கிரைண்டர் என்றால் என்ன, அதற்குள் ஏன் கல் இருக்கிறது என்று கேட்டார்கள். கைப்பேசியில் படம் காட்டி, மாவு அரைப்பதை விளக்கினேன். மேலதிகாரி பார்க்க வேண்டும், விடுமுறை முடிந்து வாருங்கள் என்று கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு, திங்கள் ஜூலை 1 கனடா தினம். 3ஆம் தேதி போனால் இன்னும் பார்க்கவில்லை என்றார்கள். அழைத்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த சனி, ஞாயிறும் போயிற்று. 40 நாளுக்குள் எடுக்காத சரக்கைக் கேட்பாரற்றதாகக் கொள்வார்கள் என்பது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. 10ஆம் தேதி அழைத்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை, ஒரு கேள்வியும் புதிதாகக் கேட்கவில்லை. ஓர் இளம் பெண் அலுவலர் அன்பாகப் பேசி, நான்கு நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

நான்கு நிமிட வேலைக்குப் பதின்மூன்று நாள்.

கிடங்கில் 18 நாளுக்கு 630 டாலர் கேட்டார்கள். அதில் பில் திருத்திய நான்கு நாளும் நான் எடுக்கப் போன கடைசி நாளும் என் கணக்கு. அந்த 175 டாலரை மனமுவந்து கொடுத்தேன். மீதி 13 நாளும் என் கோப்பு அவர்கள் மேசையில் இருந்தது. அதில் ஐந்து நாள் அந்த அலுவலகக் கதவே திறக்கவில்லை. கவுன்ட்டர் மூடியிருந்த நாளுக்கு நான் ஏன் 35 டாலர் கட்ட வேண்டும்? 455 டாலர் என்பது எங்களுக்கு இரண்டு வார மளிகைக்கு மேல். வந்த புதிதில் வேலை தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது இன்னும் பெரிய தொகை.

வாடகை இல்லையென்றால் மக்கள் மாதக்கணக்கில் போட்டுவைத்துவிடுவார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் சொல்வது என் தாமதத்துக்குப் பொருந்தும், அதற்கு வாங்கிக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான். கோப்பை வாங்கும்போது தேதி போட்டு ஒரு சீட்டு கொடுங்கள், திருப்பித் தரும்போது இன்னொரு தேதி போடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்குக் கிடங்கு என்னிடம் வாடகை கேட்கக் கூடாது. கிடங்குக்காரருக்கு நட்டம் என்றால், தாமதித்த அலுவலகம் கொடுக்கட்டும். தன் பணம் கரையும் என்று தெரிந்தால் எந்த மேலதிகாரியும் நான்கு நிமிட வேலையை 13 நாள் வைத்திருக்கமாட்டார். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. போதைப்பொருளும் துப்பாக்கியும் வீட்டுச் சாமான்களுக்குள் ஒளிந்து வரும் உலகம் இது, என் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். பார்க்காமல் வைத்திருப்பதற்குத்தான் பணம் கேட்காதீர்கள்.

சென்னை ஏஜென்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘எல்லாம் சேர்த்து’ என்று வாய்மொழியாகச் சொன்ன தொகையில் இந்தப் பக்கத்து இறக்குகூலி, ஆவணக் கட்டணம் எதுவும் சேரவில்லை. இங்கே தனியாக 640 டாலர் கட்டிய பிறகே சரக்குத் தாள் கைக்கு வந்தது. எதெதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்காதது என் பிழை. எழுதித் தராதது அவர் பிழை.

என் சித்தி மகள் திருச்சியிலிருந்து அடுத்த மாதம் புறப்படுகிறாள். நேற்றிரவு பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே அவளைத்தான் அழைத்தேன். ஒவ்வொரு பெட்டியையும் கட்டும்போதே உள்ளே இருப்பதை எண்ணி எழுது, மின்சாதனங்களுக்குத் தயாரிப்பு எண்ணையும் எழுது, படம் எடுத்துக்கொள் என்றேன். இன்று காலை 61 வரிகளோடு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு கேள்வி: “அக்கா, பாட்டியின் அஞ்சறைப்பெட்டிக்கு எவ்வளவு போடட்டும்?” இன்னும் பதில் எழுதவில்லை.