25.5 என்பது வருமானக் கணக்கு அல்ல

உலக வங்கி கணக்குப்படி வருமானச் சமத்துவத்தில் இந்தியா உலகிலேயே 4ஆம் இடம், அமெரிக்காவையும் முந்திவிட்டது என்று சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 25.5 என்ற கினி எண் (ஏற்றத்தாழ்வை 0 முதல் 100 வரை அளப்பது; எண் குறைந்தால் சமத்துவம் அதிகம்) உண்மைதான். ஆனால் அது வருமானத்தை அளந்த எண் அல்ல. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எண் 41க்கு மேல், அது வருமானத்தை வைத்துப் போட்டது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி இடம் சொல்ல முடியாதுங்க.

மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் செலவழித்துவிடுவார். 15 லட்சம் வருகிறவர் எவ்வளவுதான் சாப்பிடுவார்? மிச்சம் மனையாகவும் பங்குகளாகவும் போய்ச் சேரும். செலவுக் கணக்கில் அது தெரியாது. (பெரிய பங்களாக்களின் கேட், கணக்கெடுக்க வருபவருக்கு அவ்வளவு எளிதில் திறப்பதுமில்லை.)

நீங்களே பார்க்கலாம். உலக வங்கியின் வறுமை மற்றும் ஏற்றத்தாழ்வுத் தளத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் 'நுகர்வு' என்று இருக்கும், அமெரிக்காவுக்கு 'வருமானம்'. அதே வங்கி 2025 ஏப்ரலில் இந்தியா பற்றி வெளியிட்ட சுருக்கக் குறிப்பையும் படியுங்கள்: தரவுக் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியலாம் என்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமானக் கினி 2004இல் 52, 2023இல் 62 என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. பகிரப்படும் படங்களில் அந்த வரி மட்டும் வருவதில்லை.