குதிகால் முள் பாலால் வருவதில்லை

"கல்சியம் கூடித்தான் குதிகாலில் முள் வளர்கிறது. பாலையும் நெத்தலியையும் நிறுத்துங்கள், சூடான செங்கல்லில் எருக்கலை இலை வைத்து மிதித்தால் முள் கரையும்" என்று மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

குதிகால் முள் என்பது குதியெலும்பில் துருத்தி வளரும் சிறு எலும்பு. சாப்பாட்டுக் கல்சியத்தால் அது வராது. ஒத்தடத்தால் கரையவும் கரையாது. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். காலையில் முதல் அடி வைக்கும்போது சுள்ளென்று குத்துவது, பெரும்பாலும் குதியெலும்பிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த சவ்வு நொந்திருப்பதால்தான். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் தினமும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, ஐஸ் ஒத்தடம், இவற்றோடு பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதங்களில் சத்திரசிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்காதீர்கள்.

எனக்கு அந்தச் செங்கல்தான் பயம். நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. வெந்த புண் இலேசில் ஆறாது. வீக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள்.